கட்டளை வாங்குபவரைக் காணோம்

நான் ஒரு கம்ப்யூட்டரைக் கெடுத்தேன். அது பெரிய விஷயமில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் எத்தனையோ கெடுத்திருப்பான். கெடுத்தது நான்தான் என்று பத்தே நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை வாய் திறந்து சொல்ல இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் வேறொரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. போனால் போகட்டும் என்று நானும் ஏறக்குறைய இருந்துவிட்டேன். ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்; தப்பு செய்தவனிடம் விளக்கத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் நீங்கள். போன வாரப் பயிற்சியில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மடிக்கணினியில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்தால், "உங்கள் இயல்பான ஷெல் பழசாகிவிட்டது, புதியதற்கு மாற இந்த வரியை அடியுங்கள்" என்று வருகிறதாம். அடிக்கலாமா சார்? அடிக்கலாம். ஒன்றும் ஆகாது. இந்தக் காலத்தில் பழசும் உள்ளேயே இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். இவ்வளவையும் நான் உங்களிடம் தெளிவாகத்தான் சொன்னேன். சொல்லும்போது என் முகம் போன போக்கைப் பார்த்து உங்களில் ஒருவர், "சார், இன்னும் டீ சாப்பிடலையா?" என்றார். அது டீ சம்பந்தப்பட்ட முகமல்ல.

ஷெல் என்பது வாசலில் உட்கார்ந்து மனு வாங்குகிற ஆள். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி, உள்ளே கொடுத்து, பதிலை வெளியே கொண்டுவந்து போடும். உள்ளே அதிகாரி நாற்காலியில் இருக்கலாம், கோப்புகள் அலமாரியில் பத்திரமாக இருக்கலாம். வாசலில் மனு வாங்க ஆளில்லை என்றால் அதிகாரி இருந்தும் இல்லாத மாதிரிதான். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எண்பதுகளின் கடைசி. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் போராட்டம் நடந்த வருடங்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புக் கோட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை. வட்டாரத்துக்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர் எங்களிடம்தான் இருந்தது என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வேறு யாரிடமாவது இருந்திருந்தால் அதற்குள் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்பதால் நானும் நம்பினேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். கரும்பு விவசாயிக்கு உயிர்நாடி கட்டிங் ஆர்டர். நட்ட தேதி வரிசைப்படி யார் கரும்பை எப்போது வெட்டுவது என்று எங்கள் ஆபீஸ் போர்டில் ஆலை ஒரு பட்டியல் ஒட்டும். முறை தள்ளிப்போனால் கரும்பு முற்றி, பூ விட்டு, எடை இறங்கி, விறகுக்குப் பக்கத்து ஜாதியாகிவிடும். இந்தப் பட்டியலை அதுவரை கையால் எழுதிக்கொண்டிருந்தவர் எங்கள் கரும்புக் குமாஸ்தா. அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவர் என்ன ஆட்கள் என்பதையும் எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள். மறியல் செய்தவர்களின் ஆட்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அவர் தன் ஆட்களை மேலே ஏற்றுகிறார் என்று ஒரு பாதி ஊர் சொன்னது. தன் ஆட்களையே கவனிக்க மாட்டேன் என்கிறாரே என்று மறுபாதி ஊர் திட்டியது. ஆலை நிர்வாகம் இரண்டையும் கேட்டுவிட்டு, குலம் கோத்திரம் எதுவுமில்லாத ஒன்று வேண்டும் என்று கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டது. அதை ஓட்ட என்னை நியமித்தது. எனக்குக் குலம் கோத்திரம் உண்டு என்பதை நிர்வாகம் யோசிக்கவில்லை. விவசாயிகள் யோசித்தார்கள்.

நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். ஆறு ஏக்கர் கரும்பு. வந்ததும் போர்டைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"தம்பிக்கு எந்தூருங்க?"

"உளுந்தூர்பேட்டைங்க."

"உளுந்தூர்பேட்டையில எங்க?"

"பஸ் ஸ்டாண்டு கிட்ட."

"பஸ் ஸ்டாண்டு கிட்ட எல்லாருந்தான் இருப்பாங்க. கொலதெய்வம் எது?"

"எனக்கு அதெல்லாம் சரியாத் தெரியாதுங்க."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, என் காதில் விழும் அளவுக்குத் தாழ்ந்த குரலில், "மறைக்கிறான்யா. அப்ப அவங்க ஆளுதான்" என்பார். பத்து நிமிடம் கழித்து எதிர்ப்பக்கத்து ஆள் வந்து இதே கேள்விகளைக் கேட்டு இதே முடிவுக்கு வருவார். அந்த வட்டாரத்தில் இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம், நான் எதிர்த்தரப்பு என்பது.

இப்படி எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், சந்தேகமே இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். என் திறமையைப் பற்றி.

புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் என் நண்பன் இருந்தான். அவனைப் பார்க்கப் போனபோது, அவர்கள் இயந்திரத்தைப் போட்டதும் திரையில் வந்த பதிப்பு எண் எங்களுடையதை விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்து ஷெல்லான கட்டளை நிரலை, அந்தப் புதியதை மட்டும், பிளாப்பி என்ற கருப்புச் சதுரத் தகடு ஒன்றில் பிரதி எடுத்து வாங்கிவந்தேன். சனிக்கிழமை மாலை ஆபீஸ் மூடும் நேரத்தில், பழையதன் மேல் புதியதை எழுதினேன். 'ஒரு கோப்பு பிரதி எடுக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. பழையதைத் தனியே எடுத்து வைத்தேனா? இல்லை. இயந்திரத்தை அணைத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேனா? அதுவும் இல்லை. உளுந்தூர்பேட்டைக்குக் கடைசியாகப் போகும் பஸ் இதுதான், திங்கள் முதல் மறியல் என்று வெளியே யாரோ கத்தினார்கள். அணைத்துவிட்டு ஓடினேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டவர் குமாஸ்தா.

வீட்டில் ஒரு நாள் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை கிடைத்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். திங்கள் காலையில் சேலம் ரோட்டில் மறியலுக்காக வெட்டிய மரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றோடு டெலிபோன் கம்பியும் விழுந்திருந்தது. ஆபீஸில் இயந்திரத்தைப் போட்டேன். உறுமியது, பச்சை வெளிச்சம் வந்தது, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியது. 'பதிப்பு பொருந்தவில்லை. கட்டளை வாங்குபவரைக் காணோம்.' அதோடு நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் சத்தமில்லை. மேலதிகாரியைக் கண்ட கடைநிலை ஊழியர் மாதிரி அப்படியே விறைத்து நின்றது.

பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. உள்ளே இருக்கும் பழைய அமைப்பு ஒரு பதிப்பு. வாசலில் நான் உட்காரவைத்த புது ஆள் வேறு பதிப்பு. அவன் இவனை ஒத்துக்கொள்ளவில்லை. அசல் பிளாப்பி ஒன்று இருந்தால் அதை வைத்து எழுப்பி, பழைய ஆளைத் திரும்ப உட்காரவைத்துவிடலாம். இயந்திரத்தை நிறுவ வந்த என்ஜினியர் அப்படி ஒன்று வைத்திருந்தார். அதை அவரே கடலூருக்கு எடுத்துப் போய்விட்டார் என்பது என் நினைவு. கடலூருக்கும் எங்களுக்கும் நடுவில் எத்தனை மரம் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் வந்தார். வெளியூர்க்காரர், அவசரக்காரர். "என்னப்பா, லிஸ்ட் அடிச்சாச்சா? வெளியில கூட்டம் சேருது."

"மிஷின் எழுந்திரிக்கல சார். யாரோ கை வச்சிருக்காங்க."

"சனிக்கிழமை பூட்டினது யாரு?"

"குமாஸ்தா சார்."

யாரோ கை வைத்தது உண்மை. குமாஸ்தா பூட்டியது உண்மை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுப் பொய் கிடைக்கும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். பிற்காலத்தில் எத்தனையோ பழுது அறிக்கைகளைப் படித்தபோது இந்தப் படிப்பு எனக்கு உதவியிருக்கிறது.

பிறகு சந்தேகம் தானாகவே வளர்ந்தது. நான் தண்ணீர்கூட ஊற்ற வேண்டியிருக்கவில்லை. குமாஸ்தா தினமும் சின்னசேலம் பக்கத்திலிருந்து வருபவர். பஸ் ஓடாத அன்றும் மறியல் நடந்த இடத்தைத் தாண்டி நடந்தே வந்தார். "அவரை மட்டும் எப்படி விடறாங்க?" என்றார் மேனேஜர். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவருக்கு வருத்தம் என்று, வயல்களைச் சுற்றிப் பார்த்து வரும் பீல்டுமேன் ஒருவர் சொன்னார். சித்தப்பா மகன் மறியலில் முன்வரிசையில் நிற்கிறான் என்று இன்னொருவர். சித்தப்பாவே கிடையாது என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் அந்த மகனுக்கு ஒரு மீசைகூட வைத்துவிட்டிருந்தார்கள்.

குமாஸ்தா வழக்கம்போல வந்தார். தன் மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. நான் போகவே இல்லை.

வெளியே விவசாயிகள் சைக்கிளிலும் நடந்தும் வந்து போர்டுக்கு இருபுறமும் இரண்டு கும்பலாக நின்றார்கள். கரும்பு வெட்டுவதற்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய கூலியாட்கள் கேங் ஒன்று அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு நாளாகச் சோறு ஆக்கித் தின்றுகொண்டிருந்தது. மறியல் முடிந்து ரோடு திறக்கும் நேரத்தில் போர்டில் பட்டியல் இல்லையென்றால் முதலில் உடையப்போவது போர்டு, அடுத்தது ஜன்னல். கையால் எழுதிய பட்டியலை ஒட்டலாமே என்று பீல்டுமேன் மெல்ல எடுத்தார். "அந்த ஆள் கையெழுத்துல ஒட்டினா ஆபீஸையே கொளுத்திடுவாங்க" என்றார் மேனேஜர்.

செவ்வாய் மதியம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டைப்ரைட்டர் முன் உட்காரவைத்தார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம். மேற்படி குமாஸ்தா இயந்திரத்தை வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக நம்பக் காரணம் இருப்பதால், விசாரணை முடியும்வரை அவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்க வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைசி வரி எனக்கானது: 'இயந்திரத்தைப் பரிசோதித்தேன், மேற்கண்டது சரி.' கீழே என் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டாயிற்று. அதற்குள் வெளியே சத்தம் கூடியது. மேனேஜர் சமாதானம் பேசப் போனார். தாள் இன்னும் டைப்ரைட்டரில் செருகியபடி இருந்தது. எனக்கு அந்த வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அதை நான் மறக்கவே இல்லை. இந்த இடத்தில் மனசாட்சி உறுத்தியது என்று எழுதத்தான் ஆசை. எனக்கு உறுத்தியது, எந்தப் பேனாவில் கையெழுத்துப் போட்டால் கை நடுங்குவது தெரியாது என்பது.

அப்போது குமாஸ்தா உள்ளே வந்தார். காலில் முழங்கால்வரை புழுதி. டைப்ரைட்டரில் இருந்த தாளை நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பொட்டியப் போடு. இன்னா எழுதுதுன்னு பாக்கலாம்."

போட்டேன். அதே இரண்டு வரி.

"எனக்கு இங்கிலீஷ் கம்மி. படிச்சிச் சொல்லு."

"பதிப்பு பொருந்தலைன்னு சொல்லுதுண்ணே. கட்டளை வாங்குறவரைக் காணோம்னு."

"பொருந்தலைன்னா? சனிக்கெழம வரைக்கும் பொருந்திக்கினு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப பழசு போயி புதுசு ஒண்ணு வந்து குந்தியிருக்குது. அதானே?"

நான் விசைப்பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தேன்.

"தம்பி, நான் இருவத்திரெண்டு வருசமா ஸ்டோர் சாவி வச்சிருக்கன். திருட்டுப் போனத எவ்ளோ பாத்திருக்கன். கெடுக்கணும்னு வர்றவன் ஒடைப்பான். திருட வர்றவன் எடுத்துக்கினு போவான். எவனாச்சும் புதுசா ஒண்ணு கொண்டாந்து வச்சிட்டுப் போவானா? ஆசையா வாங்கியாந்தவன்தான் வப்பான்."

இத்தனை வருடத்தில் இதைவிடச் சிறந்த பழுது ஆய்வை நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டரை அவர் அதுவரை தொட்டதுகூட இல்லை.

"அண்ணே, நான் வேணும்னு செய்யல."

"அது எனக்கும் தெரியும். வேணும்னு செய்யிற அளவுக்கு ஒனக்குத் தெரியாது."

"நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா இன்னா ஆவும்? மாட்டிக்கினவன் பழிய மாத்திப் போடறான்னுவாங்க. அத நீதான் சொல்லணும்." திரையைக் காட்டி, "சரி பண்ண இன்னா வேணும்?" என்றார்.

"அசல் பிளாப்பி வேணும்ணே. அத என்ஜினியர் கடலூருக்கு எடுத்துக்கினு போயிட்டாரு."

"எவன் சொன்னான்?"

அவர் தன் அலமாரியைத் திறந்தார். சாக்பீஸ் பெட்டிக்கும் கார்பன் பேப்பருக்கும் நடுவில், பழைய செய்தித்தாளில் சுற்றி, அந்தக் கருப்புச் சதுரம் இருந்தது. எங்கள் ஆபீஸில் மேஜை, நாற்காலி, தண்ணீர்க் குடம் எல்லாவற்றுக்கும் வெள்ளை பெயின்டில் ஸ்டாக் நம்பர் எழுதும் வழக்கம் உண்டு. பிளாப்பியின் முதுகிலும் தடித்த வெள்ளை எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது.

"நீ வந்த மொத நாளு கரண்டு போச்சில்ல? இத எடுத்து விசிறிக்கினு இருந்த. இன்னாடா இவன், ஆபீஸ் சாமான வச்சிக் காத்து வாங்கறானேன்னு அன்னிக்கே எடுத்துப் பூட்டிட்டன். ஒம்மேல எனக்கு நம்பிக்க இல்ல."

அவர் என்னைச் சந்தேகப்பட்டதால்தான் அது பிழைத்திருந்தது. மற்றவர்களை அவர்மேல் நான் சந்தேகப்பட வைத்ததுதான் அவர் வேலையைச் சாகடிக்கப் பார்த்தது. இரண்டும் சந்தேகம்தான், ஆனால் அவர் கண்ணால் பார்த்ததை வைத்துச் சந்தேகப்பட்டார்.

கை நீட்டினேன். அவர் தரவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரைத் திறந்து என் முன்னால் வைத்தார். "எழுதிட்டு வாங்கிக்கோ. வழங்கிய பொருள் நான் எழுதிட்டன். எதுக்கு வழங்கினதுன்னு கடேசி கட்டத்துல நீ எழுது."

கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'காரணம்'. அரை அங்குல அகலம். ஒரு பக்கம் டைப்ரைட்டரில் என் கையெழுத்துக்குக் காலி இடம், இன்னொரு பக்கம் இந்தக் கட்டம். இரண்டில் ஒன்றில்தான் எழுத முடியும். குமாஸ்தா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை, கெஞ்சவில்லை, முறைக்கவும் இல்லை. ஏதாவது ஒன்று செய்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

'கட்டளை நிரலைத் தேவையின்றி மாற்றியதால் இயந்திரம் நின்றது. மாற்றியது நான்' என்று கட்டம் தாண்டி எழுதினேன். 'நான்' கொஞ்சம் சின்னதாக விழுந்தது.

"தேதி போடு. என்னிக்கு மாத்தினன்னும் போடு."

போட்டேன்.

பிளாப்பியைச் செருகினேன். கரகரவென்று இரண்டு முறை படிக்க மாட்டேன் என்றது. பெயின்ட் உள்ளே இறங்கியிருக்குமோ என்று வெளியே எடுத்து ஊதிவிட்டுத் திரும்பச் செருகினேன். மூன்றாம் முறை படித்தது. பழைய ஆளைத் திரும்ப வாசலில் உட்காரவைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் மௌனத்துக்கும் ஒரு மனிதரின் பிழைப்புக்கும் ஆன தீர்வு ஒரே ஒரு வரிக் கட்டளை.

மேனேஜர் திரும்பி வந்ததும் ரிஜிஸ்டரைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை, அவரும் அந்தக் காலத்து மனிதர்தானே. பெயரை மாற்றி என்மேல் அனுப்பலாம் என்று நினைத்திருப்பார். என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அது எனக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைவு.

குமாஸ்தாவிடம், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"மொதல்ல லிஸ்ட்ட அடி" என்றார்.

உங்களுக்குப் பாடமாக எதையாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். பழையதைப் பத்திரப்படுத்தாமல் புதியதைத் தொடாதீர்கள் என்பது பயிற்சிக் கையேட்டிலேயே இருக்கிறது. கையேட்டில் இல்லாதது இது: இயந்திரம் நின்றால் கடைசியாகக் கை வைத்தவரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது அநேகமாக நீங்கள்தான். உங்களுக்கு அது தெரிந்த பத்தாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். பதினோராவது நிமிடத்தில் வேறு யாருடைய பெயராவது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த வருடங்களில் மட்டுமல்ல, எந்த வருடத்திலும் அப்படி உட்காரத் தோதான ஒரு பெயர் ஆபீஸில் இருக்கும்.

பட்டியல் அச்சாகி வந்தது. அறுபத்து மூன்று பெயர். அப்போது குமாஸ்தா தன் மேஜையிலிருந்து நான்கு தாள்களை எடுத்துவந்து மேனேஜரிடம் கொடுத்தார். இரண்டு நாளாக அவர் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தது அதுதான். அதே அறுபத்து மூன்று பெயர், கையெழுத்தில், நட்ட தேதியோடு. மேனேஜர் ஒரு பெயரைப் படிக்க, நான் அச்சில் தேட, வரிவரியாக ஒப்பிட்டோம். ஒரு பெயர்கூட மாறவில்லை. மேனேஜருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டுங்க. பாக்கட்டும். இனிமே எவனும் வாயைத் திறக்கக் கூடாது!"

ஒட்டினோம். இரண்டு கும்பலும் நெருங்கி வந்தன. நைனார்பாளையத்துப் பெரியவர் முன்னால் வந்து, ஒரு விரலைக் கையெழுத்துப் பட்டியலிலும் இன்னொரு விரலை அச்சிலும் வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கினார். ஒன்பதாவதில் அவர் பெயர் இருந்தது, நிற்கவில்லை. கடைசிவரை போனார். குமாஸ்தாவும் நானும் வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தோம். இரண்டு நாளில் முதல் முறையாக என் தலை நிமிர்ந்திருந்தது.

பெரியவர் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது," என்றார். "அப்ப ரெண்டு பேரும் கூடிப் பேசிக்கினுதான் எழுதியிருக்கீங்க."